முழுப் படத்தையும் சொல்லிவிடுகிறவர்

முகத்தில் பாதி நுரையும் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியுமாக டைரக்டர் காரை மேம்பாலத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். கார் என்பது சலூன் நாற்காலி. ஸ்டியரிங் என்பது துணிக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்ட இரண்டு கைகள். சலூன்காரர் கத்தியை எட்டத் தூக்கிப் பிடித்தபடி பொறுமையாக நிற்கிறார். கார் பாலத்தின் உச்சியை நெருங்கி, இஞ்சின் நின்று, பின்பக்கமாக உருளத் தொடங்கி, அக்கா பிரேக்கை மிதிக்கும்வரை கத்திக்கு வேலையில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை அவசரப்பட்டு அந்த இடத்தில் கன்னத்தைத் தொட்டுவிட்டார். அதன் தழும்பு டைரக்டரின் தாடையோரம் இன்னும் இருக்கிறது.

"அந்த நேரத்துல தங்கச்சி என்ன பண்றா தெரியுமாண்ணே? ஒண்ணும் பண்ணல. ஜன்னல் பக்கம் திரும்பி நகத்தைக் கடிக்கிறா."

"போன மாசம் கைக்குட்டையைக் கடிச்சா," என்கிறார் சலூன்காரர்.

டைரக்டர் கண்ணாடியில் அவரைப் பார்த்து யோசிக்கிறார். பிறகு, கைக்குட்டைதான் சரி என்று ஒப்புக்கொள்கிறார். சலூன்காரர் மறுகன்னத்துக்குப் போகிறார்.

இந்தப் படம் சலூன்காரருக்கு மட்டும் மனப்பாடம் என்று நினைத்துவிட வேண்டாம். டைரக்டர் குடியிருக்கும் அடுக்ககத்தில் தெரியாதவர் இல்லை. மூன்றாவது மாடி டீச்சர் லிஃப்டில் அவரைப் பார்த்தால், அக்காவும் தங்கையும் இன்னும் பேசிக்கொள்ளவில்லையா என்று சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோல விசாரிப்பார். "எங்கங்க, ரெண்டும் பிடிவாதம் பிடிச்ச கழுதைங்க," என்று டைரக்டர் உண்மையான வருத்தத்தோடு பதில் சொல்வார். பல் டாக்டர் வாய்க்குள் இரண்டு கருவிகளை வைத்திருந்தபோதும் அவர் கதையை நிறுத்தவில்லை என்று கேள்வி. தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிப் பேசக் கூடிய குடியிருப்போர் கூட்டம் ஒன்று, தப்பு அக்கா மீதா தங்கை மீதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, தொட்டியைக் கழுவாமலேயே கலைந்திருக்கிறது. இத்தனைக்கும் அந்தப் படத்தில் ஒரு காட்சிகூட இன்னும் எடுக்கப்படவில்லை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. அக்காவும் தங்கையும் சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்கள். இருப்பது ஒரே கார். காலையில் அக்காவின் ஆட்கள் ஓட்டிப் பழகுவார்கள், மாலையில் தங்கையின் ஆட்கள். எதற்காகவோ சண்டை, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் குடியிருப்பது ஒரே வீடு, போக வர இருப்பதும் அந்த ஒரே கார். ராத்திரி ஸ்கூலை அடைத்துவிட்டு இருவரும் அதில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். தங்கை ஓட்டுவாள். அக்கா பக்கத்தில், சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கான இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். அன்றைக்குக் கடைசியாக ஓட்டக் கற்ற ஆளை வழியில் இறக்கிவிடுவது வழக்கம் என்பதால் அவர் பின்சீட்டில் இருப்பார். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதெல்லாம் அந்தப் பின்சீட்டுக்காரர் வழியாகத்தான். "முன்னாடி லாரி நிக்குதுன்னு சொல்லுங்க சார்" என்பாள் அக்கா. "கண்ணு தெரியுதுன்னு சொல்லுங்க சார்" என்பாள் தங்கை. இதை டைரக்டர் இரண்டு குரலில் செய்துகாட்டும்போது சிரிக்காதவர் யாருமில்லை.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒல்லி, கால்சட்டை இடுப்பில் நிற்க மறுக்கும். கதை சொல்லும்போது இரண்டு கையும் வேறு வேலையில் இருப்பதால் அதை முழங்கையால் ஏற்றிவிட்டுக்கொள்ளப் பழகியிருக்கிறார். சோறு போடும் தொழில், பாதுகாப்புப் படங்கள் எடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் இயக்குநர். லிஃப்ட் நின்றுபோனால் என்ன செய்வது, தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, ஏணியில் எந்தப் பக்கமாக ஏறுவது, எல்லாம் அவர் எடுத்தவை. ஆஸ்பத்திரிகளில் மாத்திரைக்குக் காத்திருக்கும் இடத்தில், சத்தமில்லாத டிவியில், இரண்டு கைகள் சோப்புப் போட்டு விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்குமே, அவை டைரக்டரின் சொந்தக் கைகள். வரவேண்டிய நடிகர் அன்று வரவில்லை. கம்பெனியில் அவருக்குக் கைகழுவல் டைரக்டர் என்று பெயர். அவரும் அதைக் கேட்டுச் சிரித்துவிடுவார். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேசமாட்டார். அவர் பேசாமல் இருப்பது அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான்.

பிட்சிங் என்று ஒன்று வருடாவருடம் நடக்கிறது. கையில் கதை இருந்து, எடுக்க வசதி இல்லாதவர்கள் மனுப் போட்டு, தேர்வானால் மேடையேறலாம். கீழே நீள மேசையில் தயாரிப்பாளர்கள், விநியோகஸ்தர்கள், திரைப்பட விழாக்களுக்குப் படம் பொறுக்குகிறவர்கள் என்று நிபுணர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஏழு நிமிடம் பேசலாம், பிறகு மணி அடித்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு பெரிய அறையில் ஆளுக்கொரு சின்ன மேசை. படக்காரர் ஒரு பக்கம், எதிரே காலியாக இரண்டு நாற்காலி. எந்த நிபுணருக்குக் கதை பிடித்திருக்கிறதோ அவர் தானே தேடி வந்து உட்கார வேண்டும். பெண் பார்க்கிற மாதிரிதான். என்ன, மாப்பிள்ளை வீட்டார் வராவிட்டால் ஊரே பார்க்க மேசையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

டைரக்டர் முதல்முறை மேடையேறியபோது மணி அடிப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் படம் முழுவதையும் சொல்லி முடித்தார். பாலமும் வந்தது, பிரேக்கும் வந்தது, சண்டைக்கான காரணமும் வந்தது, கடைசிக் காட்சியும் வந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு விநியோகஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிற்பகலில் அவர் மேசைக்கு வரிசை நின்றது. வந்தவர்கள் எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். "படம் பார்த்த மாதிரியே இருந்துச்சு சார்" என்றார்கள். போய்விட்டார்கள். பக்கத்து மேசையில் ஏதோ மீன் வளர்ப்பு பற்றித் திக்கித் திக்கிப் பேசிய ஆளுக்குத் தயாரிப்பாளர் கிடைத்துவிட்டார்.

போகிற போக்கில் ஒருவர் மட்டும் யோசனை சொல்லிவிட்டுப் போயிருந்தார். டைரக்டரின் கதையில் பின்சீட்டில் ரிட்டயரான பேங்க் மேனேஜர் ஒருவர் இருந்தார். அவரை எடுத்துவிட்டு அழகான பையன் ஒருவனைப் போட்டால் தங்கையோடு காதலுக்கு வழி உண்டே என்றார் அவர். இந்த மாதிரி இடங்களில் படக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பை டைரக்டரும் செய்தார். பணம் போடாதவர் சொன்ன யோசனையை, பணம் போட்டவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு ராப்பகலாக மாற்றி எழுதினார். அடுத்த முறை மேடையில் பின்சீட்டில் அழகான பையன் இருந்தான். அப்போதும் கைதட்டல்தான், அப்போதும் வரிசைதான், அப்போதும் கைகுலுக்கல்தான். இன்னொரு நிபுணர் வந்து, பையனுக்குப் பதிலாக மாறுவேடத்தில் ஒரு போலீஸ்காரரைப் போட்டுச் சின்னதாக ஒரு கொலையும் வைத்தால் நன்றாக இருக்கும் என்றார். டைரக்டர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்தக் காரில் பிணத்தை எங்கே வைப்பது என்று மனைவியிடம் கேட்டார்.

மனைவி பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். கல்யாணமான நாளிலிருந்து படுக்கையில் இந்தப் படத்தைக் கேட்டு வருகிறார். அன்றைக்கு அவர் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு வீட்டுப் பிணத்தை யாரு கார்ல ஏத்துறது? அந்த ரெண்டு பேரும் பேசிக்கலங்கிறதுதானே கதை. நீங்க யாரு எது சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துடறீங்க."

டைரக்டருக்கு ரோஷம் வந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களே, சும்மாவா தட்டுவார்கள் என்றார்.

"தட்டத்தான் செய்வாங்க. படத்தைத்தான் ஓசியில காட்டிட்டீங்களே. பார்த்து முடிச்ச படத்துக்கு எவன் மறுபடி பணம் போடுவான்?"

டைரக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். மனைவி விடவில்லை.

"எனக்கு மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கணும்னு இன்னும் ஆசையா இருக்கு. ஏன் தெரியுமா? ஒருநாள்கூட நான் முழுசாக் கேட்டதில்ல. தங்கச்சி பாலத்துல கார்லேர்ந்து இறங்குவா பாருங்க, அதுக்கு மேல எனக்குத் தூக்கம் வந்துடும்."

டைரக்டருக்கு அது பெரிய அடி. இத்தனை வருடமாக மனைவி முடிவு வரை கேட்டுவிட்டுத்தான் "ம்" கொட்டுகிறாள் என்று நம்பியிருந்தார். தூக்கத்தில் கொட்டிய "ம்" அது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் அம்மா வளர்த்தார். தவளையும் தன் வாயால்தான் கெடும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது முறைக்கு மனுப் போடும்போது பேங்க் மேனேஜர் பின்சீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். கொலை போயிற்று, காதல் போயிற்று. ஒரே கதையை மூன்று முறைக்கு மேல் கொண்டுவரக்கூடாது என்பது அந்த நிகழ்ச்சியின் சட்டம். ஆகையால் இதுதான் கடைசி. இதிலும் கிடைக்காவிட்டால் அந்தக் கார் சலூனுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். டைரக்டர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கம்பெனியில் ஏணிப் படம் எடுத்த அன்று, நடிகரை ஏணியின் தப்பான பக்கத்தில் ஏறவிட்டு, கவனிக்காமலேயே ஓகே சொல்லிவிட்டார்.

பயிற்சி வீட்டில் நடந்தது. மனைவி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து துணி மடிப்பார். டைரக்டர் அலமாரி முன்னால் நின்று சொல்லுவார். தங்கை கதவைத் திறந்துகொண்டு நடுப்பாலத்தில் இறங்கும் இடம் வந்ததும் மனைவி கையைத் தூக்குவார். டைரக்டர் நிறுத்திவிட வேண்டும். சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது. முதல்நாள் அவர் கையைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டே கடைசிவரைக்கும் போய்விட்டார். மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விட்டார். மறுநாள் வாய் நின்றது, கைகள் நிற்கவில்லை. அவை தாமாகவே கடைசிக் காட்சியை ஓட்டிக் காட்டின. உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னார் மனைவி. கைகளைப் பூட்டினால் வாயும் பூட்டிக்கொள்ளும் என்பதை டைரக்டர் அன்றுதான் தெரிந்துகொண்டார். சொல்லாமல் நிறுத்துவது எப்படித் தாங்கும் என்று அவர் பரிதாபமாகக் கேட்டபோது, ஊசி எப்போது குத்தப்போகிறது என்று தான் எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை, அவர்கள் தாங்கவில்லையா என்றார் மனைவி. படத்தின் முடிவு என்னவென்று இங்கேயும் சொல்லப்போவதில்லை. அந்த அம்மாள் போட்ட உத்தரவு எல்லோருக்கும் பொதுதான்.

அந்த நாளும் வந்தது. ஓட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில் அரங்கம். சுவர் முழுக்கக் கம்பளம் ஒட்டி, இருமினால்கூட எதிரொலிக்காத அறை. காத்திருந்த படக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சை ஹாலுக்கு வெளியே பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. டைரக்டரைத் தெரிந்தவர்கள் வந்து வணக்கம் சொன்னார்கள். சார் இருக்கிறார், இன்றைக்கு நல்ல விருந்து என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. முழங்கையால் கால்சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

மேடையிலிருந்து பார்த்தால் நிபுணர்கள் மேசை நன்றாகத் தெரிந்தது. முதல்முறை கண்ணைத் துடைத்துக்கொண்டவர் நடுவில் இருந்தார். ஓரமாக ஒரு தயாரிப்பாளர் அம்மாள். சின்னச் சின்னப் படங்களாக எடுத்து, பாதியில் கையைச் சுட்டுக்கொண்டு, மீதியில் பெயர் வாங்கியவர் என்று சொன்னார்கள். அவர் ஆரஞ்சுப் பழம் ஒன்றைத் தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக உரிப்பதில் மும்முரமாக இருந்தார். டைரக்டர் பேசத் தொடங்கிய பிறகும் தலையை நிமிர்த்தவில்லை. இவர் தேறமாட்டார் என்று டைரக்டர் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

அக்கா வந்தாள், தங்கை வந்தாள். பேங்க் மேனேஜர் பின்சீட்டில் இருந்தபடி இரண்டு பக்கத்துக்கும் தூது போனார். அறை சிரித்தது. கார் பாலத்தில் ஏறியது, நின்றது, உருண்டது. அக்கா பிரேக்கை மிதித்தாள். "பிரேக் போட்டவங்களுக்கு நன்றின்னு சொல்லிடுங்க சார்" என்றாள் தங்கை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, அவள் கதவைத் திறந்துகொண்டு நடுப்பாலத்தில் இறங்கினாள்.

டைரக்டர் நிறுத்தினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நெற்றியில் வேர்வை கோத்தது. வாய் லேசாகத் திறந்து திறந்து மூடியது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் அவர் மேடையில் சும்மா நின்றார். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மைக்கைக் கையில் வைத்திருந்த அமைப்பாளர் பெண் பக்கத்தில் வந்து, மறந்துவிட்டதா சார், தண்ணீர் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. இவ்வளவுதான்."

கைதட்டல் வந்தது. மரியாதைக்கு வந்தது. யாரும் எழுந்து நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராகக் கைக்குட்டை எடுத்து வைத்திருந்தவர் அதைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

பிற்பகலில் டைரக்டர் தன் மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு காலி நாற்காலிகள். வரிசை இல்லை. பக்கத்து மேசைகளில் ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்து எழுந்தார்கள். அவர் மேசையைக் கடந்து போனவர்கள், தெரிந்தவர் வீட்டு வாசலில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தவர்கள்போல வேகத்தைக் குறைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நிறுத்திவிட்டேன் என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினார். நல்லது, சாப்பிட்டீர்களா என்று பதில் வந்தது. கட்டிக்கொண்டவள் பேச்சைக் கேட்டு உருப்பட்டவன் உண்டா என்று ஒருவிதக் கோபம் வந்தது அவருக்கு. சொல்லியிருக்கலாம். கைதட்டலாவது மிஞ்சியிருக்கும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காதில் வைத்துக்கொண்டு போக அதுவாவது இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

கைக்குட்டைக்காரர்தான் முதலில் வந்தார். உட்காரவில்லை, நாற்காலி முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ன சார், போன தடவை மாதிரி இல்லையே. பிரமாதமா ஒரு முடிவு சொன்னீங்களே, அதை ஏன் விட்டீங்க? எங்க, இப்ப ஒருதடவை சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

டைரக்டரின் கைகள் மேசைக்கு மேலே வந்துவிட்டன. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி விரல்கள்கூட வளைந்துவிட்டன. இரண்டு நிமிட வேலை. இந்த மனிதர் அழுவார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தாகமாக இருக்கிறவன் எதிரில் சொம்பை வைத்தது போலிருந்தது அவருக்கு. கைகளை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்றைக்குத் தொண்டை சரியில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். கைக்குட்டைக்காரர் ஏமாற்றத்தோடு வேறு மேசையைத் தேடிப் போனார்.

அறை காலியாகத் தொடங்கியபோது தயாரிப்பாளர் அம்மாள் வந்தார். கையில் ஆரஞ்சு வாசனை. ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"நடுப்பாலத்துல இறங்கிட்டா. பின்னாடி அவ்வளவு வண்டி நிக்குது. அப்புறம்?"

இந்த ஒரு வார்த்தைக்காக அவர் எத்தனை மேடை ஏறியிருக்கிறார். இதுவரை யாருமே கேட்டதில்லை. கேட்கிற மாதிரி அவர் எதையும் மிச்சம் வைத்ததில்லை. சந்தோஷத்தில் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாகிவிட்டது.

"அப்புறம்... எடுத்துத்தான் மேடம் காட்டணும்."

அம்மாள் அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். காலையிலிருந்து அந்தப் பெண் இறங்கி எங்கே போயிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே இருந்ததாகவும், அதனால் மற்றவர்கள் சொன்ன கதை எதுவும் மண்டையில் ஏறவில்லை என்றும் குறைபட்டுக்கொண்டார். எடுப்பதற்கு வழி இருக்கிறது, தன்னால் முடியும் என்றார். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும்.

"முதல் ஷாட். கேமராவை எங்க வைப்பீங்க?"

டைரக்டர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வராதது பயிற்சியால் அல்ல. உண்மையிலேயே உள்ளே ஒன்றும் இல்லை. இந்தக் கதையில் அவர் ஸ்டியரிங்காக இருந்திருக்கிறார், பிரேக்காக இருந்திருக்கிறார், அக்காவாகவும் தங்கையாகவும் ஹார்னாகவும் இருந்திருக்கிறார். வாயால் ஓட்டும் காருக்குக் கேமரா எதற்கு? இத்தனை வருடத்தில் அதை எங்கே வைப்பது என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஏணியை எந்தக் கோணத்தில் எடுப்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர், தன் சொந்தப் படத்துக்கு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் போயிற்று என்றே நினைத்தார்.

"தெரியல மேடம்," என்றார். பொய் சொல்ல வரவில்லை.

அந்த அம்மாள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

"சரி, அதை விடுங்க. இதெல்லாம் கற்பனை மாதிரி எனக்குத் தோணல. அந்த ரெண்டு பேரையும் நீங்க பார்த்திருக்கீங்க. எங்க இருந்து பார்த்தீங்க?"

இதையும் யாரும் கேட்டதில்லை. பேங்க் மேனேஜர் என்று ஒருவர் கிடையாது. அழகான பையனும் போலீஸ்காரரும்கூட அப்படித்தான். முதல் வேலைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், மூன்று முறை பரீட்சையில் தோற்று, மாதக்கணக்கில் தினமும் இருட்டிய பிறகு ஒரு காரில் தெருமுனை வரை வந்து இறங்கிய ஒரு கூச்சக்காரப் பையன் இருந்தான். முன்னால் இருந்த இரண்டு தலைகளுக்கும் நடுவே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவன். பிற்பாடு டைரக்டர் ஆன அந்தப் பையன், அந்தக் காரில் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதில் எதையும் டைரக்டர் சொல்லவில்லை. எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலிக்கும் பின்னால், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிற இடமாக, கேமராவுக்கு இடம் பார்க்கிறவர்போலப் பார்த்துப் போட்டு, முழங்காலைச் சேர்த்து ஒடுங்கி உட்கார்ந்தார்.

அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே பார்த்தபடியே இருந்தார். பிறகு பக்கத்தில் கோணலாகக் கிடந்த காலி நாற்காலியை ஒரு கையால் இழுத்து, தன் நாற்காலிக்கு இணையாக, முன்பக்கம் பார்க்க நேராக வைத்தார். டைரக்டர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.